இருதய சிகிச்சையும் பெயர் பெறாக் கரங்களும்

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகே நின்று பணி இயற்றும் உழைச்செல்வானையும் உடன் எண்ணினார். அவனை நீக்கின் மருத்துவம் குறைவுபடும் என்பது அவர் கருத்து. இந்நேர்மையை இக்கால விஞ்ஞான உலகம் கைக்கொண்டதா என்று வினவுவதே எம் நோக்கம். இருதயத்தையும் நுரையீரலையும் பற்றிய சத்திர சிகிச்சையின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க உரைகல்லாகும்.

நெடுங்காலம் வைத்தியர் இருதயத்தில் கத்தி வைக்க அஞ்சினர். 1896-ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் ஸ்டீபன் பேஜட், மார்பின் சத்திர சிகிச்சை பற்றிய தம் நூலில், இருதயத்தைப் பொறுத்தவரை இக்கலை இயற்கை வகுத்த எல்லையை அடைந்துவிட்டது போலும் என்று எழுதினார். அவ்வாண்டிலேயே ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்பார், குத்துண்டு பிளந்த ஓர் இருதயத்தைத் தைத்து மூடினார். நோயாளி உயிர் பிழைத்தான். எல்லை எனக் கருதப்பட்டது அச்சத்தின் எல்லையே அன்றி இயற்கையின் எல்லை அன்று.

ஆயினும், புண்ணைத் தைப்பது வேறு. பிறவிக் குறையைத் திருத்துவது வேறு. சில குழவிகள் பிறக்கும்போதே நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகிய இருதயத்தோடு பிறக்கின்றன. போதிய இரத்தம் நுரையீரலை அடைந்து பிராணவாயுவை ஏற்காமையால் அவற்றின் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இக்குழவிகளைப் பேணிய ஹெலன் டாசிக் அம்மையார், நுரையீரலுக்கு இரத்தம் செல்லப் புதுவழி ஒன்று அமைத்தால் இவை பிழைக்கும் என்று கண்டார். கையை நோக்கிச் செல்லும் நாடி ஒன்றைத் திருப்பி நுரையீரல் நாடியோடு இணைப்பதே பின்னர்த் துணியப்பட்ட முறை. அதனைச் செய்து காட்டும் பொறுப்பு ஆல்பிரெட் பிளாலக் என்னும் சத்திர வைத்தியரைச் சார்ந்தது.

பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர் பணியாற்றினார். அவர் 1910-இல் பிறந்தவர். தச்சுத் தொழில் பயின்றவர். மருத்துவக் கல்வியை விழைந்து சேர்த்து வைத்த பொருளைப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வங்கி முறிவால் இழந்தார். 1930-இல் பிளாலக்கிடம் பணிக்கமர்ந்தபோது துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரே அவர்க்கு வழங்கப்பட்டது. அவரோ நாய்களின் மீது அறுவை முறையைப் பன்முறை செய்து தேர்ந்தார்; சிறு நாடிகளுக்கேற்பக் கருவிகளைத் திருத்தி அமைத்தார். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், இரண்டு வயதும் நிரம்பாத ஒரு பெண் குழவிக்கு முதன்முதலாக இச்சிகிச்சை நடந்தது. பிளாலக் கத்தியை ஏந்தினார். அவர் தோளின் பின்னே ஒரு படியின் மேல் நின்று தாமஸ் நெறி கூறினார். அக்குழவி சில திங்கள் வாழ்ந்து பின் இறந்தது. ஆனால் அவ்வழியே வந்த எண்ணிறந்த குழவிகள் நிறம் தெளிந்து நடமாடின.

1945-இல் இச்செய்தியை உலகிற்கு அறிவித்த கட்டுரையில் பிளாலக், டாசிக் ஆகிய இருவர் பெயரே இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. சிகிச்சையும் அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1976-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவர்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்தொன்று! 1985-இல் அவர் மறைந்தார். இக்காலத்துப் பலர் அச்சிகிச்சையின் பெயரில் அவர் பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர்.

இது தனி நிகழ்ச்சி அன்று. இருதயமும் நுரையீரலும் ஓய்ந்திருக்கையில் அவற்றின் தொழிலைப் புறத்தே நின்று செய்யும் யந்திரத்தை ஜான் கிப்பன் படைத்தார் என்று யாவரும் கூறுவர். 1953-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி 26 நிமிஷம் அந்த யந்திரத்தாலேயே உயிர் தரித்தாள். ஆனால் 1930-ஆம் ஆண்டுகள் முதல் அவரோடு ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக உழைத்த மனைவியார் மேரியின் பெயரைக் கூறுவார் எத்துணையர்?

"கத்தியை ஏந்தியவரே பொறுப்பை ஏந்தினார், குழவி இறந்திருப்பின் பழியும் அவரதே, ஆதலின் புகழும் அவர்க்கே உரியது" என்று சிலர் வாதிப்பர். இதில் உண்மை உண்டு. பிளாலக்கின் துணிவை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், பழியை ஏற்கும் துணிவு ஒன்று. வழியைக் கண்ட அறிவு மற்றொன்று. முன்னதற்குரிய புகழைத் தருவதால் பின்னதற்குரிய புகழைப் பறித்தல் நீதியாகாது. தாமஸ் அருகில் நிற்கவேண்டும் என்று அன்று விரும்பியவர் பிளாலக்கே. சிகிச்சை அறையில் இன்றியமையாதவராய் இருந்தவர் ஏட்டில் மட்டும் வேண்டாதவர் ஆனது எங்ஙனம்? நிறமும் பட்டமின்மையும் அன்றி வேறு காரணம் யாம் காண்கிலேம்.

பெயர் ஒரு சிறு பொருள் என்று இகழ்தல் தகாது. மருத்துவக் கல்விக்கு வழியின்றிப் போன ஏழை மாணவன் ஒருவன் தாமஸின் வரலாற்றை அறியின், அறிவு பட்டத்திற்கு அடிமையன்று எனத் தெளிவான். அறியானாயின், தனக்கு அங்கே இடமில்லை என்று எண்ணி மீள்வான். எனவே பெயரை மறைத்தல் இறந்தார்க்கு மட்டுமன்று, இனி வருவார்க்கும் இழைக்கும் தீங்காகும்.

நம் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குழல்களைக் கழுவி, கருவிகளைச் செப்பஞ் செய்து, அடுத்த நாள் சோதனைக்கு யாவும் அமைத்துவைப்போர் உளர். மாணவர் ஏடுகளில் வெற்றி எழுதப்படும். அவர் பெயர் எழுதப்படுவதில்லை. இனி நாம் ஒரு சோதனையை எழுதுங்கால் உடனிருந்து உழைத்தார் யாவர் என்பதையும் ஒரு வரியில் எழுதுவோமாக. உழைச்செல்வானை மருத்துவத்தின் நான்கில் ஒன்றாக எண்ணிய மொழியைக் கற்கும் நமக்கு இது புதிய அறமன்று, பழைய கடனே.