மூன்றாம் முறைக்கு ஒரு பெயர் வைப்போம்

ஆண்டிதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் நம் மன்ற அறைக்கு வந்து பாருங்கள். இரவு இரண்டு மணிக்கும் நான்கைந்து பேர் கணினியின் முன் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சொல் எண்ணிக்கையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு மூடுவார். இன்னொருவர் நிகழ்ச்சிப் படங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றுவார். மற்றொருவர் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற மூன்று கோப்புகளில் எது இறுதி என்று தேடிக்கொண்டிருப்பார். இதற்கு நாம் உழைப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். மறுநாள் விரிவுரையில் தூங்கி வழிவதையும் மொழித்தொண்டின் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறோம்.

இதை உழைப்பு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரே வேலையை மூன்றாம் முறையாகக் கையால் செய்கிறோம் என்றால் அது கணினி செய்ய வேண்டிய வேலை. அந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்துக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கான இடம், நம்மில் பலர் திறந்துகூடப் பார்க்காத கட்டளைவரி. கறுப்புத் திரையும் துடிக்கும் ஒரு கோடும் கணினியியல் மாணவர்களுக்கு மட்டும் உரியவை என்று நானும் நினைத்தவன்தான். நான் படிப்பது பொருளியல்.

முதலில் மிரட்டுவது கட்டளைகளின் பெயர்கள். எல்எஸ், எம்வி, ஆர்எம் என்று உயிரெழுத்தே இல்லாத ஆங்கிலத் துண்டுகள். யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானபோது, அதை எழுதியவர்கள் டெலிடைப் இயந்திரங்களில் தட்டச்சு செய்தார்கள். அவற்றில் ஒரு வகை நொடிக்குப் பத்து எழுத்துகளை மட்டுமே அச்சிடும். விசைகளையும் அழுத்திக் குத்த வேண்டும். விரல் நோகாமல் இருக்கச் சுருக்கிய பெயர்கள்தாம் இன்றும் நம்மைப் பயமுறுத்துகின்றன. அவர்கள் தங்கள் வசதிக்குப் பெயர் வைத்தார்கள் என்றால் நம் வசதிக்கு நாம் ஏன் வைக்கக்கூடாது?

வைக்கலாம். அதற்கு ‘ஆலியஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பேஷ் என்ற கட்டளை ஓட்டில் இது உண்டு. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இன்று நாம் காண்பது அதுவே. ஆலியஸ் என்று எழுதி, ஒரு பெயர், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் நீண்ட கட்டளை. அவ்வளவுதான். அந்த வரியை ‘பேஷ்ஆர்சி’ என்ற மறைகோப்பில் சேர்த்துவிட்டால் கணினியை எப்போது திறந்தாலும் பெயர் காத்திருக்கும். பெயர் தமிழிலும் இருக்கலாம். நான் முதலில் வைத்த பெயர் ‘தேடு’. அதன் பின்னால் நிற்பது கென் தாம்சன் 1973இல் எழுதிய கிரெப். இவ்வாண்டு வந்த 38 படைப்புகளில் எத்தனை பேர் ‘வாழ்த்துக்கள்’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டேன். எந்தக் கோப்பு, எந்த வரி என்று கண் இமைப்பதற்குள் காட்டிவிட்டது. (மிகுமா மிகாதா என்ற சண்டையை மட்டும் அதனால் தீர்க்க முடியவில்லை.) அடுத்த பெயர் ‘எண்ணு’. 38 படைப்புகளின் சொல் எண்ணிக்கையும் மொத்தக் கணக்கும் ஒரே பட்டியலாக வந்து நின்றன. வேர்டு கோப்புகளை முதலில் வெறும் உரையாக மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கணினி எண்ணுவது எல்லாம் நாம் எண்ணுவது ஆகாது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். கட்டளைவரியில் எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஐந்து என்று வரும். இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. பைட்டுகளை எண்ணச் சொன்னால் பதினைந்து. குறுங்கவிதைப் போட்டிக்கு எழுத்து வரம்பு வைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

பெரிய பயன் கிடைத்தது பழைய குறுவட்டு ஒன்றில். நம் ஆண்டிதழின் 2003ஆம் ஆண்டுப் படைப்புகள் அதில் இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் பின்னக் குறிகளும் கொட்டிக் கிடந்தன. உற்றுப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: ‘ட’ வரவேண்டிய இடத்தில் கால், ‘ண’ வரவேண்டிய இடத்தில் அரை, ‘த’ வரவேண்டிய இடத்தில் முக்கால். அவை திஸ்கி குறியேற்றத்தில் எழுதப்பட்டவை. யூனிகோடு பரவுவதற்குமுன், 1990களின் பிற்பகுதியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கலந்துபேசி உருவாக்கிய குறியேற்றம் அது. எழுத்துகள் அழியவில்லை, படிக்கும் முறைதான் மாறிவிட்டது.

தட்டச்சு செய்து மீட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 46 கோப்புகள். ஆளுக்குப் பத்து என்று பிரித்தும்விட்டோம். அன்றிரவு தேடிப் படித்ததில், லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ கட்டளைக்குத் திஸ்கி தெரியும் என்று அறிந்தேன். திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கிடக்கும். அந்த வரிசையையும் அதுவே திருத்திக்கொள்கிறது. ஒரே வரியில் 46 கோப்புகளும் திரும்பி வந்தன. முதலில் திறந்தது, இந்த அறையில் அமர்ந்து எங்களைப் போலவே விழித்திருந்த ஒரு செயலாளர் அக்காவின் நன்றியுரை. அச்சகத்திற்கு நேரமாகிவிட்டது என்று முடித்திருந்தார். அந்த வரிக்கு ‘மீட்டெடு’ என்று பெயர் வைத்தேன்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். இதில் கைதேர்ந்துவிட்டதாக நினைத்த நாளில், திருத்திய படைப்புகள் இருந்த கோப்புறையில் ‘பேக்’ என்று முடியும் நகல்களை மட்டும் நீக்க முயன்றேன். ஆர்எம், நட்சத்திரக் குறி, புள்ளி, பேக். நட்சத்திரத்திற்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினி அதை, எல்லாவற்றையும் நீக்கு, பிறகு ‘புள்ளிபேக்’ என்ற கோப்பையும் நீக்கு என்று படித்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அப்படி ஒரு கோப்பு இல்லையே என்று என்னிடம் குறைவேறு பட்டது.

“அண்ணா, ரீசைக்கிள் பின்ல பாருங்க,” என்றாள் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி. ஆர்எம் எதையும் தொட்டியில் போடுவதில்லை. மின்னஞ்சலில் இருந்த மூலப்படிகளை எடுத்து 14 கட்டுரைகளை மறுபடி திருத்தினோம். மூன்று இரவுகள். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

நண்பர் ஒருவர் ஓர் ஆலியஸ் சொல்லித்தந்தார்: ஆர்எம் என்று அடித்தால், நீக்கட்டுமா என்று கேட்டுவிட்டு நீக்கும். பலரும் சொல்லும் யோசனைதான். இரண்டு மாதம் பயன்படுத்தினேன். பிறகு ஆய்வுக்கூடத்தில் வேறு கணினியில் பழக்கத்தில் ஆர்எம் அடித்துவிட்டு, கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அங்கே என் ஆலியஸ் இல்லை. நல்லவேளை, ஒரு கோப்புதான்.

அப்போதுதான் தமிழ்ப் பெயரின் பயன் எனக்கு உறைத்தது. அதுவரை மொழிப்பற்றால் வைத்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் கணினியில் ஆர்எம் அடிப்பதையே விட்டுவிட்டேன். ‘நீக்கு’ என்று அடித்தால் கோப்பு அழியாது. ‘குப்பை’ என்ற கோப்புறைக்குப் போய்ச் சேரும். அதே பெயரில் அங்கே வேறொன்று இருந்தால் எண்ணிட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளும். வேறொருவர் கணினியில் பழக்கத்தில் ‘நீக்கு’ என்று அடித்தாலும் அப்படி ஒரு கட்டளை இல்லை என்ற பதில்தான் வரும். ஒன்றும் அழியாது. பழைய பெயருக்குப் புதிய பொருள் கொடுத்தால் அது ஊர் மாறும்போது நம்மைக் கைவிடும். புதிய பெயர் அப்படிச் செய்யாது.

இன்னொன்றும் உண்டு. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் கணினிப் பாடத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படித்தேன். கட்டளைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன்; என்ன செய்கின்றன என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு கட்டளைக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டுமென்றால் அது என்ன செய்கிறது என்று புரிந்தாக வேண்டும். இணையத்தில் கண்ட வரியை அப்படியே ஒட்டுபவர்களுக்கு இந்தத் தடை நல்லது.

விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாற்றிக்கொண்டே இருந்தால் மிச்சமான நேரம் அதிலேயே போகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இதழ் வேலையின்போது பலகை தமிழிலேயே இருப்பதால் எனக்குத் தொல்லை இல்லை. மற்ற நேரத்திற்காக அதே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலும் எழுதி, ஒரே வேலைக்கு இரண்டு பெயராக வைத்துவிட்டேன். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களும் 2016 முதல் அதற்குள்ளேயே லினக்ஸ் கட்டளைவரியைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது.

இப்படிச் சேர்ந்த 11 பெயர்களையும் மன்றக் கணினியில் ஒரே கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் அது என்ன செய்யும், எப்போது செய்யாது என்று தமிழில் ஒரு வரி இருக்கும். அடுத்த ஆசிரியர் குழு தயங்காமல் திருத்தலாம். குப்பைக் கோப்புறையை மாதம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் நான் பெயர் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, கையால்தான் செய்ய வேண்டும்.