விடுதலை வீரரின் கிண்ணம் மட்ரிட்டிலா?

தென் அமெரிக்கக் கழகங்கள் 1960 முதல் பொருதிவரும் உதைபந்தாட்டக் கிண்ணத்திற்கு இன்று வழங்கும் பெயர் லிபர்ட்டடோரஸ். விடுதலை வீரர் என்பது பொருள். ஸ்பானிய ஆட்சியை வீழ்த்திய பொலிவார், சன் மார்ட்டின் முதலியோரை நினைவூட்டும் பெயர் அது. அக்கிண்ணத்தின் 2018ஆம் ஆண்டு முடிவு எங்கே தீர்மானிக்கப்பட்டது? ஸ்பெயினின் தலைநகரில்!

இறுதிக்கு வந்தவை புவனோஸ் அயர்ஸ் நகரின் இரு பெருங்கழகங்களான போகாவும் றிவரும். முதலாட்டம் 2-2 எனச் சமநிலை கண்டது. நவம்பர் 24இல் றிவர் மைதானம் நோக்கி வந்த போகா வீரரின் பஸ் கல்லெறிக்கு இலக்காயிற்று; வீரர் காயமுற்றனர். ஆட்டம் மட்ரிட்டுக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 9இல் றிவர் 3-1 என வென்றது.

தண்டனையே கூடாதென நாம் வாதாடவில்லை. 2015இல் போகா மைதானத்தினுள்ளேயே றிவர் வீரர் தாக்கப்பட்டபோது, போகா போட்டியினின்றும் நீக்கப்பட்டது. 2018இல் குற்றம் நிகழ்ந்தது வீதியில். றிவருக்கு 4 இலட்சம் டொலர் அபராதமும், இரு ஆட்டங்களுக்குப் பார்வையாளர் தடையும் விதிக்கப்பட்டன. இவ்வேறுபாட்டை நாம் ஏற்கிறோம்.

ஆனால், ஆட்டத்தையே நாடு கடத்தியது எந்த நீதி? கல்லெறிந்தோர் சிலர். நுழைவுச்சீட்டுடன் அரங்கிற் காத்திருந்தோரோ பல்லாயிரவர். கடல் கடந்து செல்ல அவருள் எத்தனை பேரால் இயலும்? குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது கடினம்; குற்றமற்றவரைத் தண்டிப்பது எளிது. எளிதானதைச் செய்துவிட்டு அதற்கு ஒழுங்கு எனப் பெயரிடுவது நீதியாகாது.