ஜெல்லிமீன் பொம்மையும் குறைமாதக் குழந்தையும்

1/ குரோஷா ஊசியில் பின்னிய ஜெல்லிமீன் பொம்மையைப் பார்த்திருப்பீங்க. மேலே குடை மாதிரி ஒரு தொப்பி, கீழே சுருள் சுருளாகத் தொங்கும் கால்கள். கடலோரத்தில் சொறி என்று சொல்கிறோமே, அதுதான். பார்க்க அழகு.

கூடவே ஒரு செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: "குறைமாசக் குழந்தை பக்கத்துல இதை வெச்சா, தொப்புள்கொடின்னு நெனச்சு பிடிச்சுக்கும், சீக்கிரம் தேறிடும்." கண்ணமங்கலம் பக்கமும் இதைக் காட்டி, "டாக்டர், பாப்பாவுக்கு ஒண்ணு பின்னி வெக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில்: தாராளமா பின்னுங்க. ஆனா குழந்தையோட படுக்கையில வெக்காதீங்க. அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது வேறு. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

2/ இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

டென்மார்க்கில் 2013-ல் தன்னார்வலர்கள் சிலர் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2017 வாக்கில் இங்கிலாந்தின் பூல் மருத்துவமனை வழியாக உலகம் முழுக்கச் செய்தியானது. ஆக்டோபஸ்தான் இப்போது ஜெல்லிமீனாகவும் மாறி நம்ம ஊர் வரை வந்திருக்கிறது.

அங்கே அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. 100% பருத்தி நூல். 60 டிகிரி சூட்டில் துவைக்கத் தாங்க வேண்டும். இழுத்துப் பிடித்தாலும் கால் 22 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நர்ஸும் மானிட்டரும் 24 மணி நேரமும் கண்காணிக்கும் வார்டில்தான் அதை வைக்கிறார்கள். ஃபார்வர்டு மெசேஜில் இந்தப் பகுதி மட்டும் காணாமல் போய்விடுகிறது!

3/ சரி, பலன் உண்டா?

பச்சிளம் குழந்தையின் உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் மூடிக்கொள்ளும். இது ஒரு அனிச்சைச் செயல், தாய் வயிற்றிலேயே தொடங்கிவிடும். பொம்மையின் காலைப் பிடிக்கும். உங்க சுண்டு விரலைக் கொடுத்தாலும் அதே மாதிரி பிடிக்கும். பிடித்த கை மூக்கில் இருக்கும் ட்யூபை இழுக்காது என்பது ஒரு சின்ன லாபம். ஆனால் இந்தப் பொம்மை உயிரைக் காப்பாற்றும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை.

உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபித்த ஒன்று இருக்கிறது. அதற்குப் பைசா செலவில்லை.

4/ 1978, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரம். இன்குபேட்டர் பற்றாக்குறை. அங்கே டாக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டுபிடித்தார். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவது. கங்காரு பராமரிப்பு என்கிறோமே, அது இப்படித்தான் பிறந்தது.

"அது வசதி இல்லாத ஊருக்கான மாற்று ஏற்பாடு" என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு வெளியானது. இந்தியா உட்பட 5 நாடுகள், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். நம்ம நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது.

வழக்கமான முறையில், முதலில் வார்மர், உடல் நிலையான பிறகு கங்காரு: 28 நாளைக்குள் இறந்தவர்கள் 15.7%.
பிறந்த உடனேயே கங்காரு: 12%.

இறப்பில் நாலில் ஒரு பங்கு குறைவு. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. நன்மை அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது: பிறந்தவுடன் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு அதிகமாக.

5/ ஏன் வேலை செய்கிறது?

குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. சூடு சீக்கிரம் இறங்கும். உடம்பு சில்லிட்டால் சர்க்கரை குறையும், மூச்சு தடுமாறும். தாயின் தோல் விடாமல் சூடு கொடுக்கிறது. மார்பு பக்கத்திலேயே இருப்பதால் தாய்ப்பால் கூடுகிறது. கிருமித்தொற்று குறைகிறது. வயிற்றில் கேட்ட அதே இதயத் துடிப்பும் காதில் விழுகிறது.

பொம்மை தொப்புள்கொடி மாதிரி நடிக்கிறது. கொடி யாரோடு இணைந்திருந்ததோ அந்த ஆளே பக்கத்துக் கட்டிலில் இருக்கும்போது நடிப்பு எதற்கு?

6/ இங்கேதான் நம்ம வீடுகளோடு எனக்கு வழக்கு.

"பச்ச உடம்புக்காரி, படுத்துக் கிடக்கட்டும்."
"சும்மா தூக்கித் தூக்கி வெச்சா கைப்பழக்கம் ஆயிடும்."
"நாலு பேரு பார்த்தா கண்ணு பட்டுடும்."

சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் 1.6 கிலோ குழந்தைக்கு அந்தக் "கைப்பழக்கம்"தான் மருந்து. அம்மா படுக்க வேண்டுமா? முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தபடியே கங்காரு செய்யலாம். அம்மாவுக்கு முடியவில்லையா? அப்பா சட்டையைக் கழற்றிட்டு உட்காரலாம். பாட்டி செய்யலாம். ராத்திரி பகலா ஒரே ஆளால முடியாது, வீடே ஷிஃப்ட் போட்டுக்கணும்.

செய்முறை: குழந்தைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு மூடாமல், தவளை மாதிரி கால் மடங்கி இருக்க வேண்டும். மேலே புடவைத் துணியால் இறுக்கமாகக் கட்டுங்க. வீட்டுக்கு வந்த பிறகும் தொடருங்க. இரண்டரை கிலோவை நெருங்கும்போது குழந்தையே "போதும்"னு நெளிய ஆரம்பிக்கும்.

7/ மலையடிவார ஊர்க்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, கண்ணமங்கலம், கணியம்பாடி தாண்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போய்ச் சேரும் வரை அந்தக் குழந்தைக்கு இன்குபேட்டர் யார்? மார்கழிக் குளிரில் துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட, 108-ல் இருப்பவரிடம் கேட்டு, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்க. அந்தச் சூடுதான் வழித்துணை.

8/ இப்போ பொம்மை. ஏன் படுக்கையில் வேண்டாம்?

* ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் மெத்தென்ற எந்தப் பொருளும் கூடாது. முகத்தில் விழுந்தால் தள்ளிவிடத் தெரியாது. நம்ம ஏணையில் இன்னும் ஆபத்து. துணி குழிந்து இருப்பதால் பொம்மை உருண்டு நேராக முகத்துக்கே வரும்.
* பிரிந்த நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் விடாமல் அழும் குழந்தையின் கை, கால் விரல்களை ஒருமுறை விரித்துப் பாருங்க.
* ஒட்டிய கண், மணி, பட்டன் கழன்றால் மூச்சுக்குழாயில் அடைக்கும். மூன்று வயதுக்குள் இவை எதுவும் வேண்டாம்.

9/ அப்போ பின்னவே கூடாதா? பின்னுங்க! பக்கத்திலேயே பட்டுத்தறி ஓடும் ஆரணி. நூல் பழகிய கைகள் நம்ம ஊரில் நிறைய.

2016-ல் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவின் பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி கின்னஸ் சாதனை செய்தார்கள். ஆளுக்கொரு துண்டு பின்னி, சேர்த்து இணைத்தது. அந்தக் கூட்டு வேலைதான் குறைமாதக் குழந்தை வந்த வீட்டுக்கும் தேவை.

மூத்த பிள்ளைக்குப் பின்னிக் கொடுங்க. தம்பி வந்ததும் அம்மா மடி பறிபோன அந்த மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு இந்தப் பொம்மை நிஜமாகவே ஆறுதல்.

பருத்தி நூல் எடுங்க. பஞ்சு வெளியே தெரியாத அளவுக்குச் சின்ன ஊசியில் நெருக்கமாகப் பின்னுங்க. கால்களுக்குச் சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு தையல் போட்டால் தானாகச் சுருளும். கால்கள் குட்டையாக இருக்கட்டும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்க. கடைசியில் ஒவ்வொரு காலையும் பலமாக இழுத்துப் பாருங்க. கையோடு வந்தால் பிரித்துத் திரும்பத் தையுங்க.

10/ பச்சிளம் குழந்தைக்கு ஏதாவது பின்னியே ஆகணும்னு பாட்டிக்கு ஆசையா? ஒரு பருத்தித் தொப்பி, ஒரு ஜோடி சாக்ஸ். கங்காருவில் இருக்கும் குழந்தைக்கு இரண்டுமே தினமும் தேவைப்படும். உள்பக்கம் தொங்கும் நூலை மட்டும் ஒட்ட வெட்டிடுங்க.

உங்க தெருவில் எட்டாவது மாசம், ஏழாவது மாசம் நடக்கிற பெண் யாராவது இருந்தால் இதை அந்த வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் அனுப்புங்க. அவளுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. அவளை உட்கார வைத்து, குழந்தையை நெஞ்சில் கட்டிவிட்டு, அடுப்பு வேலையைப் பார்க்கப் போவது அவர்கள்தான்.