போல்ட்டில் மிச்சம் பிடித்தால்

கிளட்ச் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் கார்க்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா?" என்பதுதான். தில்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை என்று உதிரி பாகச் சந்தை எதுவானாலும் பேரம் இங்கேதான் தொடங்குகிறது. எதையும் தூக்கி எறியாமல் ஒப்பேற்றுவது இந்தியர்கள் பெருமைப்படும் கலை. ஆனால் கிளட்ச் விஷயத்தில் அது பெரும்பாலும் கையைச் சுடுகிறது.

என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் பிளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துவது ரிலீஸ் பேரிங். பிளேட் தேயும்வரை ஓடிய வண்டியில் மற்ற இரண்டும் மட்டும் இளமையோடு இருக்காது. இவற்றைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான். பேரிங்கில் மிச்சம் பிடித்தவர், அது சத்தம் போடத் தொடங்கும் நாளில் அதே கூலியை மறுபடி அழ வேண்டும்.

அடுத்தது பிளைவீல். அதன் முகத்தில் தெரியும் நீலத் திட்டுகள் சூட்டில் வெந்ததன் அடையாளம். விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதே வழி. லேசான கீறல்தான் என்றால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் கடைசல் பிடிக்கலாம். பல டீசல் கார்களில் வரும், உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை பிளைவீலுக்கு இந்த வைத்தியம் பொதுவாக உதவாது.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது போல்ட். பிளைவீலை கிராங்க் ஷாப்ட்டுடன் பிணைக்கும் போல்ட்டுகள் பல கார்களில் முறுக்கும்போது சற்றே நீளும்படி செய்யப்பட்டவை. ஒருமுறை நீண்டது அடுத்த முறை அதே பிடியைத் தரும் என்று நம்ப முடியாது. கழற்றினால் புதியதுதான் போட வேண்டும் என்கின்றன அந்தக் கார்களின் கையேடுகள். சில என்ஜின்களில் போல்ட் துளை, ஆயில் இருக்கும் பகுதிவரை போகிறது. மரையில் சீலன்ட் பூசாவிட்டால் ஆயில் கசிந்து புது பிளேட்டை நனைத்துவிடும்.

எதிரெதிர் போல்ட்டுகளாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டு அளவுக்கு முறுக்குவதே முறை. பல ஒர்க் ஷாப்களில் 'கை அளவு'தான். அனுபவசாலியின் கை பெரிதாகத் தப்பாது என்பது உண்மையே. ஆனால் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50. அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தில் போல்ட் தளர்ந்தால், நடுவே தடுப்பது கியர் பாக்ஸின் வார்ப்பு உறை ஒன்றுதான்.

மெக்கானிக்குக்கும் ஆபத்து உண்டு. பழைய கிளட்ச் தூசியில் கல்நார் இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. காற்றடித்து ஊதுவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் அவ்வளவும் அவர் நுரையீரலுக்குப் போகாது.

வண்டியை எடுக்க வரும் பலர் பழைய பாகங்களைக் காட்டச் சொல்வார்கள். தேய்ந்த பிளேட்டைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவார்கள். பிளைவீலைக் கழற்றியிருந்தால் பழைய போல்ட்டுகளையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. காணவில்லை என்றால், அவை பெரும்பாலும் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கின்றன.