ராஜா வீட்டுக் காரும் நம்மூர் பீங்கானும்

முன்குறிப்பு: ரோல்ஸ் ராய்ஸ் பக்தர்களுக்குக் கோபம் வரும். வரட்டும் :-)

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது. ஜி.டி. நாயுடு பேரில் நடக்கிற அறக்கட்டளை 2015ல் திறந்தது. விருத்தாசலத்தில் ரயிலேறி, சேலத்தில் இறங்கி, பஸ் மாறி, போன மாசம் ஒருவழியாகப் போய்ப் பார்த்தேன். மியூசியத்தைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகாரெல்லாம் பார்க்க வந்த நம்ம ஜனங்க மேலதான், என்னோட வந்த மாப்ளையையும் சேர்த்து.

நீளமான ஒரு காருக்கு முன்னாடி கும்பல். ஆளாளுக்கு போட்டோ. ஒருத்தர் தன் பையன்கிட்ட, "இதெல்லாம் மகாராஜாக்கள் வெச்சிருந்த வண்டிடா, நல்லா பாத்துக்கோ"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். பையன் கேட்டான்: "இது எப்படிப்பா ஓடும்?" அப்பா சொன்ன பதில்: "பெட்ரோல்ல." அவ்வளவுதான். அடுத்த காருக்கு நகர்ந்துட்டாங்க.

எனக்கு அங்கதான் பத்திக்கிட்டு வந்தது.

மகாராஜா வெச்சிருந்தார், சரி. எந்தக் காசுல? 1947க்கு முன்னாடி சமஸ்தானங்கள் நூற்றுக்கணக்கில் ரோல்ஸ் ராய்ஸ் இறக்கினது, மழை பெய்தாலும் பொய்த்தாலும் குடியானவன் கட்டின நிலவரியில். 1971ல் மன்னர் மானியத்தை ஒழிச்சதும் பல அரண்மனைகள் காரை வித்துது, மிச்சத்தை ஷெட்டில் துருப்பிடிக்க விட்டுது. இன்னிக்கு அதே வண்டிக்கு பாலீஷ் போட்டு நிறுத்தினா நாம "அடடா, என்ன ராஜகம்பீரம்"னு கன்னத்துல போட்டுக்கறோம்.

இன்னொண்ணு. அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இன்ஜினும் சேசிஸும்தான் செஞ்சுது. மேலே நீங்க வாயைப் பொளந்து பார்க்கிற பாடியைக் கட்டினது ஹூப்பர், பார்க்கர் மாதிரி வேற பட்டறைகள். தச்சர், தகரம் தட்டுறவர், தோல் தைக்கிறவர் வேலை அது. வேலை அழகுதான், மறுக்கலை. ஆனா கும்பிடு மட்டும் பானெட் மேல நிக்கிற பொம்மைக்குப் போகுது.

சரி, பானெட்டுக்கு உள்ளே போவோம். சில்வர் கோஸ்ட்டுக்கு ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு பிளக்கு, ஆக பன்னிரண்டு ஸ்பார்க் பிளக். ஒவ்வொண்ணுக்கும் வெள்ளையா ஒரு கழுத்து இருக்கே, அது என்ன? பீங்கான் சாமி, பீங்கான்! பல ஆயிரம் வோல்ட்டைக் கசிய விடாம தடுக்கணும். 2000 டிகிரியைத் தாண்டுற நெருப்பும் அடுத்த நொடிக்குள்ளேயே உள்ளே வர்ற குளிர்ந்த காத்தும் மாறி மாறி அடிக்கும்போது விரிசல் விடாம நிக்கணும். ஃபோர்டு மாடல் டி காலத்துப் பிளக்கைப் பிரிச்சுப் பீங்கானை மட்டும் மாத்திக்கலாம். பின்னாடி 1930கள்ல அலுமினா வந்தது. அதுவும் செராமிக்தான். அந்த வெள்ளைக் கழுத்து விரிசல் விட்டா மகாராஜாவும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு கத்தறேன்னா, என் ஊர் செராமிக் ஊரு. இங்கே அதுக்குன்னே தொழிற்பேட்டை உண்டு, செராமிக் டிப்ளமா சொல்லித்தர அரசு பாலிடெக்னிக் உண்டு. ஆனா வெளியூர்ல "விருத்தாசலம், செராமிக்"னு சொன்னா, "ஓ, பொம்மையா? அகல் விளக்கா?"ன்னு ஒரு சிரிப்பு. ஃபியூஸ் கேரியரும் செய்யறோம் சார்! டிப்ளமா முடிச்ச பசங்களே பீங்கானைச் சட்டி பானை மாதிரி நினைச்சு, வேற வேலைக்கு பஸ் ஏறுறாங்க. கார்ங்கிறது பணக்காரன் சமாச்சாரம், சூளைங்கிறது நம்ம சமாச்சாரம்னு மனசுல கோடு போட்டாச்சு. அந்தக் கோட்டை அழிக்கத்தான் மியூசியம் வேணும். நாம அங்கே போயும் கோட்டை இன்னும் அழுத்தமா போட்டுட்டு வர்றோம்.

நாயுடு என்ன பண்ணினார்? வெள்ளைக்காரர் ஒருத்தரோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கிட்டு பக்கத்துல நின்னு போஸ் குடுக்கலை, அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டார். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வெச்சு பழனி-பொள்ளாச்சி ஓட்டி ஆரம்பிச்சவர். அவர் பேரைச் சொல்லும் இடத்துல 1886 பென்ஸ் வண்டியோட மாதிரி ஒண்ணு நிக்குது. மூணு சக்கரம், ஒரு குதிரை சக்திகூட கிடையாது. 1888ல் பெர்த்தா பென்ஸ் அம்மா ரெண்டு பசங்களோட இந்த ஜாதி வண்டியில நூறு கிலோமீட்டர் போனாங்க. வழியில அடைச்ச பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால குத்திச் சரி பண்ணினாங்க. எனக்கு கம்பீரம்னா அது. நான் இருந்த அரைமணி நேரத்துல அதுக்கு முன்னாடி நின்னது நாலே பேர்.

"உனக்கு ரசனை பத்தலை மாப்ள"ன்னு கூட வந்தவன் திரும்பி வரும்போது சேலம் வரைக்கும் திட்டினான். இருக்கலாம். ஆனா அவன் எடுத்த அறுபது போட்டோவுல ஒண்ணுலகூட இன்ஜின் இல்லை. எல்லாத்துலயும் அவன் இருக்கான்.

பொங்கல் லீவுல மறுபடி போறேன். வர்றவங்க சொல்லுங்க, டிக்கெட் சேர்த்தே போட்டுடலாம். ஒரே ஒரு கண்டிஷன்: காருக்கு முன்னாடி நின்னு போட்டோ கிடையாது.