மண்டிப் பூனையின் நேரமும் குணமும்



வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு வரத்து என்று எத்தனையோ விஷயங்களை இந்த இதழில் எழுதி வருகிறோம். சம்பளம் வாங்காமல் நம் மண்டியில் காலம் தள்ளும் ஒரு ஜீவனைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பூனையைத்தான் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம். பருப்பும் கடலையும் வெல்லமும் வைத்து வியாபாரம் செய்கிற நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் பூனை வைத்திருந்தவர்கள்தான்.

சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்கய்யா, எங்க கடைப் பூனை சுத்தச் சோம்பேறிங்க. பகலெல்லாம் சாக்கு மேல படுத்துத் தூங்குது. எலி பக்கத்துல ஓடினாக்கூட ஏன்னு கேக்கறதில்லை" என்பார்கள். வேறு சிலர், "தொடப் போனால் பிராண்டுகிறது, நன்றி கெட்டது" என்பார்கள். நானும் பல வருஷம் இப்படிச் சொன்னவன்தான். குற்றம் பூனையிடம் இல்லை, நம் கணக்கில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபோது ஒரு நல்ல பூனையை இழந்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அதன் நேரத்தைப் பார்ப்போம். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கும். அதுவும் நம்மைப் போல ஒரே மூச்சாகத் தூங்காது. சிறு சிறு தூக்கமாகத் தூங்கும். அது சுறுசுறுப்பாக இருக்கும் வேளை விடியற்காலையும் அந்தி நேரமும். எலி வளையை விட்டு வெளியே வருவதும் இருட்டும் வேளையில்தான். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குக் கண் தெரியும். எலிகள் தங்களுக்குள் எழுப்பும் மெல்லிய கீச்சொலி நம் காதுக்கு எட்டாது, அதன் காதுக்கு எட்டும். இப்படிப்பட்ட பிராணியைப் பகல் 11 மணிக்குப் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்பது, இரவுக் காவல்காரரை நடுப்பகலில் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு, தூங்குகிறார் என்று குறை சொல்வதைப் போன்றது.

இதில் நமக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. பூனை வேட்டைக்கு எழும் அந்தி நேரத்தில்தான் நம் கடையில் கூட்டம். லாரி வந்து நிற்கும், மூட்டை இறங்கும், ஆட்கள் சத்தம் போடுவார்கள். பூனை பயந்து ஏதாவது ஒரு சந்தில் பதுங்கிக்கொள்ளும். இரவு ஷட்டரை இறக்கும்போது அது உள்ளே மாட்டும், அல்லது வெளியே நிற்கும். விடியற்காலையில் கதவு திறக்க ஆள் இருக்காது. அதன் வேலை நேரம் இரண்டையும் நாமே பறித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறோம்.

அடுத்தது குணம். ஆட்களில் துணிந்தவரும் கூச்சமுள்ளவரும் இருப்பதைப் போலத்தான் பூனையிலும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, ஆயுள் முழுவதும் மனிதரிடம் பழகும். அந்த ஐந்து வாரத்தைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும் அது பாதிக் காட்டுப் பூனைதான். 1995-ல் வெளியான ஓர் ஆய்வு, தகப்பன் பூனையின் குணமும் குட்டிக்கு வருகிறது என்று காட்டியது. தகப்பன் துணிச்சலும் பழக்கமும் உள்ளதாக இருந்தால், குட்டிகளும் புதிய ஆளையும் புதிய பொருளையும் கண்டு அவ்வளவாக மிரளவில்லை. கிடங்கு மூலையில், அட்டிக்குப் பின்னால், ஒருவர் கையும் படாமல் வளர்ந்த குட்டி நம்மைப் பிராண்டினால் அது நன்றி கெட்டதனம் அல்ல, பயம்.

வேட்டையும் ஓரளவு தாயிடம் கற்கும் பாடம்தான். குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் தாய்ப் பூனை இரையைக் கொண்டுவந்து பழக்கும். ஆகவே குட்டி வாங்குகிறவர்கள் அதன் நிறத்தைப் பார்ப்பதைவிட, தாய் எலி பிடிக்கிறதா, வீட்டார் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறார்களா என்று விசாரிப்பது நல்லது. எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. கண் திறந்ததும் திறக்காததுமாகச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது பெரும் பாவம். அந்தக் குட்டி யாருக்கும் உதவாமல் போகும்.

பூனையால் எது ஆகும், எது ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் அது நன்றாகப் பிடிக்கும். அரைக் கிலோவுக்கு மேலும் வளரும் பெருச்சாளியிடம் பெரும்பாலும் மோதாது. 2018-ல் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவுக் கிடங்கில் நடந்த ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எலிகள் இருந்த அந்த இடத்தில், பூனைகள் 79 நாட்களில் பிடித்துக் கொன்றவை இரண்டே இரண்டு. ஆனால் பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. இதை நாம் நேராகப் புரிந்துகொள்ள வேண்டும். பூனை எலியை அச்சத்தில் வைக்கும், ஆனால் கிடங்கைத் தனியாகக் காப்பாற்றாது. சுவரில் கால் அங்குல இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும், அரை அங்குலம் இருந்தால் எலியே நுழையும். அந்த இடுக்கை அடைப்பது நம் வேலை.

"பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்" என்ற பழைய கணக்கும் சரியல்ல. 1868-ல் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் காகிதங்களை எலி கடிக்கிறது என்று மூன்று பூனைகளை முறைப்படி நியமித்து, வாரம் ஒரு ஷில்லிங் படி ஒதுக்கினார்கள். அதிகாரி கேட்டது இரண்டு ஷில்லிங். மீதிக்கு எலி பிடித்துக்கொள்ளட்டும் என்று பாதியாகக் குறைத்தார்களாம். ஆனால் வேட்டை என்பது பூனைக்குப் பசி மட்டும் அல்ல, பிறவிக் குணம். வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். பட்டினிப் பூனையோ தெருவுக்குப் போய் மீன் கடை வாசலில் உட்கார்ந்துகொள்ளும். சாப்பாடு கிடைக்கிற இடத்தில்தான் அது நிலையாக இருக்கும். தயிர் சோறு அதற்கு முழு உணவு அல்ல, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. அது மாமிசம் தின்னும் பிராணி. மீன் தலை, கோழிக் கழிவு, வேகவைத்த முட்டை என்று முட்டைக்குப் பேர் போன நம் ஊரில் அதற்கு என்ன பஞ்சம்?

இப்போது என் தவறைச் சொல்கிறேன். ஒரு வருஷம் அறுவடைக்குப் பின் கிடங்கில் எலித் தொல்லை தாங்கவில்லை. பூனை இருக்கும்போதே எலி மருந்துக் கட்டிகளை அட்டிக்கு அடியில் வைக்கச் சொன்னேன். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்து அது. தின்ற எலி உடனே சாகாது, மூன்று நான்கு நாட்கள் தள்ளாடித் திரியும். அப்படித் தள்ளாடும் எலி பூனைக்குச் சுலபமான இரை. இரண்டு நாட்கள் எங்கள் பூனை அந்தி வேளையிலும் எழுந்திருக்கவில்லை. வைத்த மீனையும் தொடவில்லை. கணக்கப்பிள்ளை வந்து சொன்னபோது, "அது எப்பவும் தூங்குமூஞ்சிதானே" என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. கால்நடை மருத்துவர் ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. "நேற்று முந்தைய நாளே கொண்டுவந்திருந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். சாயங்காலம் செத்துப் போயிற்று. நோயை நான் சோம்பல் என்று நினைத்துவிட்டேன். அதன் வழக்கமான நேரம் எனக்குத் தெரிந்திருந்தால், வழக்கம் மாறியதும் தெரிந்திருக்கும்.

மருந்தின் ஆபத்து பூனையோடு நிற்பதும் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். உண்ணும் பொருளை விற்கும் நாம் மருந்தைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிம விதிகளின் நான்காவது அட்டவணை, உணவு நிறுவன வளாகத்துக்குள் விலங்கு, பறவை, செல்லப் பிராணிகளை விடக் கூடாது என்கிறது. நியாயம்தான். திறந்த பருப்பு மூட்டையில் பூனை முடி கிடந்தால் எந்த வாடிக்கையாளர் சகிப்பார்? அதற்காகப் பூனையைத் துரத்திவிட வேண்டும் என்பதில்லை. எலி வெளியிலிருந்துதான் வருகிறது. சரக்கு இருக்கும் இடத்துக்கு வெளியே, பின்கட்டிலும் சாக்கடை ஓரத்திலும் காலிச் சாக்குக் கொட்டகையிலும் பூனை இருக்கட்டும். அந்தியும் விடியலும் அதற்கு முழுதாகக் கிடைக்கும் இடமும் அதுதான்.

என் அனுபவத்தில் சொல்லக் கூடியவை:

1. மூட்டைகளைக் கட்டை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அட்டி போடுங்கள். இடுக்குகளைச் சிமெண்டாலும் கம்பி வலையாலும் அடையுங்கள். இது முதல் வேலை.

2. மனிதர் கையில் வளர்ந்த, எலி பிடிக்கும் தாயின் குட்டியாகப் பார்த்து எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள்.

3. நம் ஊரில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் கால்நடை மருத்துவர் என்று நினைக்காமல், பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிடுங்கள். குட்டிகளைச் சாக்கில் கட்ட வேண்டிய நிலையே வராது.

4. பூனை இருக்கும் இடத்தில் எலி மருந்து வைக்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் பேசி வையுங்கள். அவர் வைத்த மருந்தைத் தின்ற எலி உங்கள் பூனையின் வாயில்தான் முடியும்.

5. அது எப்போது எழுகிறது, எப்போது தின்கிறது, எங்கே படுக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த வழக்கம் மாறினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு புது ஆளை வேலைக்கு வைத்தால் அவர் கணக்குக்கு ஏற்றவரா, தராசுக்கு ஏற்றவரா, வெளி வசூலுக்கு ஏற்றவரா என்று பார்த்துத்தானே வேலை கொடுக்கிறோம்? வாயில்லாத ஜீவனுக்கும் அந்த அளவு கவனம் கொடுப்பது நமக்கு நஷ்டம் அல்ல. இன்று மாலை கடை கட்டும்போது உங்கள் பூனை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.