பிள்ளை இருக்கும் இடத்துக்கே பணமும் வரவேண்டும்

காலபோகம் தொடங்குமுன் குளத்தடியில் கூட்டம் கூடிய நாட்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டுக்கரைக்குளத்தின் கீழும் அகத்திமுறிப்புக் குளத்தின் கீழும் வயல் செய்தவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டதில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றது, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படும். இடாப்பில் பதியாத வயலுக்குத் தண்ணீர் பாயாது. வயல் இருப்பது உண்மை; விதைத்தவன் வரம்பில் நிற்பதும் உண்மை. ஆனாலும் இடாப்பில் பெயர் இல்லையென்றால் மதகு திறக்காது.

அரசாங்கம் பாடசாலைகளுக்கு நிதி ஒதுக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். பிள்ளைகளின் தொகை, ஆசிரியர்களின் தொகை, கட்டடங்களின் நிலை என்பன ஆண்டுதோறும் பாடசாலைத் தொகைமதிப்பில் எழுதப்படுகின்றன. எழுதப்பட்டதை வைத்தே திட்டம் போடப்படுகின்றது. இடம்பெயர்ந்து புத்தளம் மாவட்டத்துக்கு வந்த நாம் இந்த உண்மையை மிகவும் பிந்தியே விளங்கிக்கொண்டோம். கனமூலையிலும் மதுரங்குளிப் பக்கத்திலும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர் என்ற முறையில், இதுபற்றி வெளிப்படையாகப் பேசுவது நமது கடமை என நினைக்கின்றோம்.

வந்தவர்களும் வரவேற்றவர்களும்

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசமே கிடைத்தது. மன்னார்த் தீவினர் பலர் தோணிகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, வயல், ஆடு மாடு யாவற்றையும் விட்டு வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான்.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் நமக்குத் திறந்துவிட்டார்கள். அந்த நன்றியை நாம் என்றும் மறக்கக்கூடாது. ஆனால் அவர்களுடைய மாவட்டமும் செல்வம் கொழித்த மாவட்டமன்று. பல்கலைக்கழக அனுமதிக்காக, கல்வி வசதி குறைந்தவை என அரசாங்கம் ஏற்றுக்கொண்டுள்ள 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. ஏற்கெனவே வாங்கும் மேசையும் போதாத பாடசாலைகளுக்கே நமது பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள் என்று பல இடங்களில் பாடசாலை இரண்டு நேரமாக நடந்தது. கிடுகுக் கொட்டிலே சில இடங்களில் வகுப்பறையாயிற்று. தாயும் தகப்பனும் வெங்காயத் தோட்டத்துக்கோ உப்பளத்துக்கோ கூலிக்குப் போனால், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடும்.

இட நெருக்கடியால் மனக்கசப்பும் வந்தது. “எங்கள் பிள்ளைகளின் இடத்தை இவர்கள் எடுத்துவிட்டார்கள்” என்று ஊரவர் சொன்னபோது நமக்கு வேதனையாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நூறு பிள்ளைகளுக்குக் கட்டிய கட்டடத்தில் இருநூறு பிள்ளைகளை இருத்தினால் இரு பக்கத்துப் பிள்ளைகளும்தான் நட்டப்படுவார்கள். பிழை ஊரவரிடமும் இல்லை, வந்தவரிடமும் இல்லை. பிள்ளைகள் கூடியபோது அதே அளவில் பணமும் கூடாததே பிழை.

பணம் எந்த வழியால் வருகின்றது?

நமது நாட்டில் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற சமயப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பொறுப்பேற்றது. அன்றுமுதல் கிராமத்துப் பிள்ளையின் படிப்பு ஏறக்குறைய முழுவதும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. 1980 முதல் இலவசப் பாடநூல்களும் 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. இவை நமது பிள்ளைகளுக்கும் கிடைத்தன; அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகமும் துணியும் பிள்ளையோடு கூடவே போகும். கட்டடமும் ஆசிரியரும் அப்படிப் போவதில்லை. அவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும்; அந்தத் திட்டத்தைப் போடுவதற்கு ஒரு பொறுப்பாளி வேண்டும்.

அந்தப் பொறுப்பாளி யார்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் பாடசாலைகள் இரண்டு வகையாகின. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 400 மட்டுமே தேசிய பாடசாலைகள். அவற்றைக் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சு நேரடியாக நடத்துகின்றது. மற்றவை யாவும் மாகாணப் பாடசாலைகள். மாகாணங்களுக்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும். அப்படி வரும் கல்விப் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடும். மிஞ்சுவதில்தான் கட்டடமும் திருத்த வேலையும் தளபாடமும். 2000ஆம் ஆண்டளவில் கற்றல் உபகரணங்களுக்கான பணத்தை மாணவர் தொகையை அடிப்படையாகக் கொண்ட கணக்கின்படி பங்கிடும் முறையும் வந்தது. சிறிய பாடசாலைகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் நல்ல ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் மொத்தப் பணத்தில் அது சிறு பங்குதான்.

‘தற்காலிகம்’ என்ற சொல்

நமது சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. நாம் தங்கியிருந்த புத்தளம் வடமேல் மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் தலைமைப் பணிமனை குருநாகலில். நாம் விட்டு வந்த ஊர்கள் அக்காலத்து வடக்கு கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவை. 2007 தொடக்கத்தில் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணங்களாகப் பிரிந்தபின் அவை வட மாகாணத்தில் அடங்கின. நம்மோடு வந்த ஆசிரியர்கள் பலரின் சம்பளம் ஒரு மாகாணத்துக் கணக்கில். அவர்கள் படிப்பித்த கொட்டில் இன்னொரு மாகாணத்து மண்ணில். கூரை ஒழுகினால் எவரிடம் கேட்பது? ஒரு பணிமனை “உங்கள் மாகாணத்திடம் கேளுங்கள்” என்றது. மற்றது “பாடசாலை எங்கள் எல்லையில் இல்லையே” என்றது. இரண்டு பதிலும் சட்டப்படி சரியானவை. இரண்டாலும் ஓர் ஓடுகூட மாற்றப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நின்றது ‘தற்காலிகம்’ என்ற ஒரு சொல். நாம் நாளைக்கே திரும்பிவிடுவோம் என்று முதலில் நாமும் நம்பினோம். அரசாங்கமும் அப்படியே எழுதிக்கொண்டது. தற்காலிகமானவர்களுக்கு நிரந்தரக் கட்டடம் எதற்கு, நிரந்தர ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் படிப்புக் காலம் பதின்மூன்று ஆண்டுகள்தான். 1991இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, உயர்தரம் வரை படித்திருந்தால், 2003ஆம் ஆண்டு கடந்தபோது படிப்பையே முடித்திருக்கும். யுத்தம் முடிந்தது 2009இல். தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு பரம்பரையின் படிப்புக் காலம் முழுவதும் கடந்துபோனது.

வாக்குரிமையிலும் இதே கதைதான். நம்மில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே வடக்கின் வாக்காளர் இடாப்பில் பெயர் வைத்திருந்தோம். ஊரோடுள்ள உரிமையை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தோம், அதில் தவறில்லை. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. நமது பிள்ளைகள் படிக்கும் மாகாணத்தின் அரசியல்வாதிக்கு நமது வாக்கு இல்லை. நமது வாக்கைப் பெறும் அரசியல்வாதிக்கு நமது பிள்ளைகளின் பாடசாலைமீது அதிகாரம் இல்லை. 2018 ஒக்டோபரில் இரு மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தலே நடக்கவில்லை என்பது இதைவிடப் பெரிய கவலை.

இது ஒரு சமூகத்தின் குறை மட்டுமன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் ஓடியபோது, அங்குள்ள பாடசாலைகளும் நேரம் பிரித்தே நடந்தன. எந்த மதத்தவராயினும் இனத்தவராயினும், இடம்பெயர்ந்த பிள்ளைக்கு வந்த இடையூறு ஒன்றுதான்.

திரும்பிய ஊரிலும் அதே முடிச்சு

2009இன் பின் நம்மில் ஒரு பகுதியினர் முசலிக்கும் ஏனைய ஊர்களுக்கும் திரும்பினோம். காடு மூடிய காணியைத் துப்புரவாக்கத் தகப்பன் போனார். பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய் புத்தளத்திலேயே நின்றார். இப்படி இரண்டாகப் பிரிந்து இரண்டு அடுப்பு மூட்டிய குடும்பங்கள் எத்தனை! காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் போதாது. பணிமனையில் கேட்டால், பிள்ளைகள் போதாது என்பார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் வராததால் ஆசிரியர் வரவில்லை. இந்த முடிச்சைப் பெற்றோர் அவிழ்க்க முடியாது. திட்டம் போடுபவரே அவிழ்க்க வேண்டும்.

நாட்டில் ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் அரசாங்கப் பாடசாலைகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. இவற்றை மூடலாம், ஒன்றோடொன்று சேர்க்கலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. எல்லாச் சிறிய பாடசாலைகளையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பத்துப் பேரானாலும் ஐம்பது பேரானாலும் தரங்களுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதும் அதனால் செலவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் மக்கள் மெதுவாகத் திரும்பிவரும் ஊரில், இன்றைய தலைக்கணக்கைப் பார்த்துப் பாடசாலையை மூடினால் நாளை எவரும் அந்த ஊருக்குத் திரும்பமாட்டார்கள். முளைக்கும் முன்பே பயிர் இல்லை என்று வாய்க்காலை அடைப்பதற்கு இது சமம்.

உலகம் சொல்வது என்ன?

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 23ஆவது, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் கிடைப்பதை அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றது. நமது நாட்டுச் சட்டமும் குறைந்ததன்று. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலை வரவு கட்டாயம். 2016இல் அது 16 வயது வரை நீண்டது. பெற்றோருக்குக் கட்டாயம் என்றால், இடம் கொடுப்பது அரசாங்கத்துக்கும் கட்டாயம்தானே?

2015இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் கூடிய நாடுகள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடுவது என்ற அளவை ஏற்றுக்கொண்டன. நமது நாடு பல ஆண்டுகளாக 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கின்றது. லெபனானில் சிரியா அகதிப் பிள்ளைகளுக்காக அரசாங்கப் பாடசாலைகள் பின்னேர வகுப்பு நடத்தியபோது, வெளிநாட்டு உதவிப் பணம் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. அங்கும் குறைகள் பல உண்டு. ஆனாலும் பிள்ளையைத் தொடர்ந்து பணம் போகவேண்டும் என்ற நியாயம் அந்த முறையில் இருந்தது. நாம் கேட்பதும் அந்த நியாயத்தைத்தான்.

நாம் கேட்பவை, நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளை எந்த மாவட்டத்தது என்று பாராமல், காலையில் எந்தப் பாடசாலையில் இருக்கின்றதோ அந்த இடத்தில் அதற்குரிய ஆசிரியரும் வகுப்பறையும் கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு மாகாணத்துப் பிள்ளைகள் இன்னொரு மாகாணத்தில் படிக்க நேர்ந்தால், அவர்களுக்குரிய பணத்தை ஏற்கும் மாகாணத்துக்குக் கொடுக்க நிதி ஆணைக்குழு வழிசெய்ய வேண்டும். அப்போதுதான் வரவேற்றவர்களின் பிள்ளைகள் பாதிக்கப்பட மாட்டார்கள். மூன்றாவது, மீள்குடியேறும் ஊர்களின் பாடசாலைகளுக்கு முதல் ஐந்து ஆண்டுகளாவது, வந்திருக்கும் பிள்ளைகளின் தொகையை மட்டும் பாராமல், வரவேண்டியவர்களின் தொகையையும் பார்த்து ஆசிரியரைக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால், காசு கேட்பார்கள் என்று பயந்து நம்மில் பலர் போவதில்லை. போகவேண்டும். போய், தொகைமதிப்பில் எத்தனை பிள்ளைகள் எழுதப்பட்டார்கள், எத்தனை ஆசிரியர் வெற்றிடம், இவ்வாண்டு எவ்வளவு பணம் வந்தது என்று அதிபரிடம் மரியாதையாகக் கேட்கவேண்டும். அதிபரும் பல வேளைகளில் நம்மைப்போலவே மேலிடத்திலிருந்து பதில் இல்லாமல் நிற்பவர்தான்; பெற்றோரின் எழுத்து அவருக்குப் பலமாகும். ஊர் மாறும்போது விடுகைப் பத்திரத்தைப் பெற்று, புதிய பாடசாலையில் அதே கிழமையில் பிள்ளையைப் பதியவேண்டும். கனமூலையில் பிறந்த பெற்றோரும் முசலியில் பிறந்த பெற்றோரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்கட்டும். இரண்டு கடிதமாகப் போனால் இரண்டையும் ஒதுக்கிவைப்பது எளிது.

குளத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று “என் வயலையும் எழுதுங்கள்” என்று கேட்க நமக்கு ஒருபோதும் வெட்கம் இருந்ததில்லை. பிள்ளைக்காகக் கேட்க ஏன் தயங்க வேண்டும்? அடுத்த தவணை தொடங்குமுன் கேட்போம்.